குருதிப் புரதங்களும் இதயநோயும்: மலையகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பண்டை வைத்தியர் மணிக்கட்டில் மூவிரல் வைத்து நாடியின் நடையைக் கொண்டு நோயின் போக்கை உய்த்துணர்ந்தனர். இன்றைய வைத்தியரோ குருதியின் சில துளிகளை ஆய்கூடத்துக்கு அனுப்பி, அதிலுள்ள புரதங்களின் அளவைக் கொண்டு இதயத்துக்கு நேரக்கூடிய தீங்கை முன்னறிய முயல்கின்றனர். கருவி மாறினும் நோக்கம் மாறவில்லை. உள்ளே மறைந்திருப்பதை வெளியே தெரியும் ஒரு குறியால் அறிதலே அந்நோக்கம். ஆயினும், நாடி பார்த்த வைத்தியன் நோயாளியின் ஊணும் உழைப்பும் உறைவிடமும் வினவியறிந்த பின்னரே முடிவுரைத்தான். ஆய்கூடத்தின் எண்களுக்கும் அவ்வினா வேண்டற்பாலதே. நுவரெலியா, ஹற்றன் முதலிய மலையகத் தோட்டப் பகுதிகளில் வாழும் மக்களின் நிலையை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

குருதியில் ஏறக்குறைய ஐம்பத்தைந்து சதவீதம் திரவவிழையம், எஞ்சியது கலங்கள். அத்திரவத்தின் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் கரைந்துள்ளது. அல்புமின், குளோபுலின், பைபிரினோஜன் என்பன அவற்றுட் பெரும்பகுதியானவை. செங்குருதிக் கலங்களின் உள்ளே செறிந்திருப்பது ஈமோகுளோபின். இவற்றின் அளவு உடலின் நிலைக்கேற்பக் கூடியும் குறைந்தும் வருதலின், அவை நோய்க்குக் குறிகாட்டிகளாகக் கொள்ளப்படுகின்றன.

குறிகாட்டி வேறு, காரணி வேறு. தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு ஒலித்ததும் தொழிலாளர் வேலைக்குப் புறப்படுகின்றனர். சங்கு ஒலித்தமையாற் பொழுது விடிந்ததென்று எவரும் கூறார். சங்கு காலத்தைக் காட்டுகின்றதே அன்றிக் காலத்தை ஆக்குவதில்லை. குருதிப் புரதங்களுட் சில அச்சங்கு போன்றவை. வேறு சிலவோ நோயைத் தாமே விளைவிப்பவை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே பின்வருவனவற்றை நோக்குதல் வேண்டும்.

இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து தடிப்பதே மாரடைப்புக்கு அடிப்படை. கொழுப்பு நீரிற் கரையாது. ஆதலின், கொலஸ்திரோல் குருதியிற் செல்லுங்கால் புரதப் போர்வை போர்த்த நுண்டுகள்களாகவே செல்கின்றது. நாடிச் சுவருட் புகுந்து தங்கும் இயல்புடைய தாழடர்த்தித் துகள் ஒவ்வொன்றிலும் அப்போபுரதம் ‘பி’ என்னும் மூலக்கூறு ஒன்றே ஒன்று உண்டு. எனவே அப்புரதத்தை அளத்தல் துகள்களை எண்ணுதற்கு ஒப்பாகும். கொழுப்பை மீட்டு ஈரலுக்குக் கொண்டுசெல்லும் துகள்களில் அப்போபுரதம் ‘ஏ-1’ உளது. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்று 2004ஆம் ஆண்டு வெளியான இன்ரர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்புக்கு ஆளான ஏறத்தாழ 15,000 பேர் சேர்க்கப்பட்டனர். அப்போபுரதம் ‘பி’க்கும் ‘ஏ-1’க்கும் உள்ள விகிதமும் புகைபிடித்தலுமே தலையாய அபாயக் காரணிகள் என அவ்வாய்வு காட்டிற்று. இலங்கை உள்ளிட்ட தென்னாசிய நாட்டவர்க்கு முதல் மாரடைப்பு ஏனையோரினும் ஏறக்குறைய ஆறாண்டு முற்பட்டு, சராசரியாக ஐம்பத்துமூன்றாம் வயதளவில் நேர்கின்றது என்பதும் அதன்வழி அறியப்பட்டது.

அடுத்துக் கருதத்தக்கது சீ-எதிர்வினைப் புரதம். நியூயோர்க் றொக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் 1930இல் இதனைக் கண்டறிந்தனர். நுரையீரல் அழற்சியுற்றோரின் குருதித் தெளிவு, அந்நோய்க் கிருமியின் ‘சீ’ என்னும் கூற்றோடு சேர்ந்து வீழ்படிவு தந்தமையால் இப்பெயர் அமைந்தது. உடலில் எங்கேனும் அழற்சி தோன்றின் ஈரல் இதனை மிகுதியாகச் சுரக்கும். இரண்டொரு நாளில் இதன் அளவு நூறு மடங்கும் அதற்கு மேலும் உயர்தல் உண்டு. கொழுப்புப் படிந்த நாடிச் சுவரிலும் மெல்லிய அழற்சி நீண்ட காலம் கனன்றுகொண்டிருத்தலின், இப்புரதத்தின் சிறிய உயர்வும் கருத்துக்குரியதாயிற்று. நோயற்றவராகத் தோன்றுவோருள்ளும் இது சற்றே உயர்ந்திருந்தவர்க்குப் பிற்காலத்தில் மாரடைப்பு மிகுதியாக நேர்ந்தமையை அமெரிக்க வைத்தியர் றிட்கர் முதலானோர் 1997இல் எடுத்துக்காட்டினர். லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையின் அபாயம் குறைவு. 3 மில்லிகிராமுக்கு மேற்படின் அபாயம் மிகுதி. 10க்கு மேற்படின் வேறு தொற்றோ அழற்சியோ உளதா எனத் தேடுதல் முறை. இப்புரதத்தைப் பிறவியிலேயே மிகுதியாகச் சுரப்போர்க்கு இதயநோய் மிகுதியாக வருவதில்லை என்பது பின்னர் மரபணு ஆய்வுகளாற் புலனாயிற்று. எனவே, அப்போபுரதம் ‘பி’ காரணியாக, சீ-எதிர்வினைப் புரதம் குறிகாட்டியாக மட்டுமே நிற்கின்றது.

குருதியை உறையச் செய்யும் பைபிரினோஜன் மிகுதல், நாடியிற் கட்டி உறைதற்கு ஏதுவான நிலையைக் காட்டும். ஈமோகுளோபினிற் குளுக்கோசு ஒட்டிக்கொள்ளும் அளவு, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் குருதியிற் சர்க்கரை எந்நிலையில் இருந்தது என்பதைக் காட்டும். நீரிழிவாளரின் ஈமோகுளோபினில் இம்மாற்றம் மிகுந்திருத்தலை ஈரானிய வைத்தியர் சாமுவேல் றாபர் 1960களின் இறுதியில் வெளிப்படுத்தினார். அவ்வளவு 6.5 சதவீதத்தை எட்டின் நீரிழிவு எனக் கொள்வது இன்றைய வழக்கு. நீரிழிவு இதயநோய்க்கு நெருங்கிய உறவு என்பது கூறாமலே விளங்கும்.

இவ்வளவைகள் யாவும் பெரும்பாலும் மேலைநாட்டு நகரங்களில் வாழ்வோரைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அவர்களிடத்துக் குறை அரிது, மிகையே நோய். மலையகத் தோட்டங்களில் நிலைமை அவ்வாறன்று. ஆண்டு 1869இற் கோப்பிச் செடியிற் பரவிய இலைநோய் அப்பயிரை அழித்தபின் அம்மலைகளிற் தேயிலை வேரூன்றியது. தமிழகத்தினின்று சென்று அங்கே உழைத்த மக்களை முதலில் வாட்டிய குருதிக்குறை ஈமோகுளோபின் குறையே. வெறுங்காலொடு நடந்தோரின் தோலைத் துளைத்துட் புகுந்த கொழுக்கிப் புழு, குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சியது. அதனை ஒழிக்கும் இயக்கம் றொக்ஃபெல்லர் நிறுவனத்தாரின் துணையோடு 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. புழு குறைந்த பின்னும் சோகை நீங்கவில்லை. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் மிக்க உணவில் உடல் ஏற்கத்தக்க இரும்பு குறைவு. அடுத்தடுத்த மகப்பேறும் மாதந்தோறும் நேரும் குருதியிழப்பும் பெண்களின் இரும்பை மேலும் கரைத்தன.

சோகை இதயத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பதை ஓர் எளிய கணக்காற் காணலாம். ஈமோகுளோபின் ஒரு கிராம் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். 100 மில்லிலீற்றர் குருதியில் 14 கிராம் இருப்பின் அது சுமக்கக்கூடியது ஏறத்தாழ 19 மில்லிலீற்றர். 7 கிராமே இருப்பின் 9 மில்லிலீற்றரினும் சிறிதே மிகும். மலைச்சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தசைக்கு வேண்டும் ஒட்சிசனோ இருநிலையிலும் ஒன்றே. குறையை ஈடுசெய்யும் பொறுப்பு இதயத்தின் மேல் விழுகின்றது. அது விரைந்து துடித்து மிகுதியான குருதியை வெளியேற்ற வேண்டியதாகின்றது. பல ஆண்டுகள் இவ்வாறு உழைக்கும் இதயத்தின் இடது அறை விரிந்து தடிக்கும். முடியுரு நாடி சற்றே ஒடுங்கியிருப்பினும், ஒட்சிசன் குறைந்த குருதி அத்தசைக்குப் போதாமல் நெஞ்சுவலி முற்பட்டே தோன்றும்.

இக்கணக்கு ஏட்டளவில் நின்றதன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து எட்ஜேட்டன், காட்னர் ஆகியோரும் இலங்கை வைத்தியர் செனெவிரத்ன முதலானோரும் 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வுகள் உலகறிந்தவை. 1977இல் வெளியான ஆய்வில், ஈமோகுளோபின் 6 கிராம் தொடக்கம் ஏறத்தாழ 16 கிராம் வரை கொண்ட பெண்கள் இயங்கும் தளத்தின் மீது நடக்கச் செய்யப்பட்டனர். ஈமோகுளோபின் குறையக் குறைய நடக்கவல்ல அளவு சுருங்கியது; ஒரே வேலைக்கு இதயம் விரைவாகத் துடித்தது. 1979இற் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான மற்றோர் ஆய்வு, இரும்புச்சத்து அளிக்கப்பெற்று ஈமோகுளோபின் உயர்ந்த பெண்கள் ஒரு மாதத்தின் பின் மிகுதியான கொழுந்து பறித்தனர் எனக் காட்டிற்று. மிகுந்த சோகையுற்றிருந்தோரிடமே முன்னேற்றமும் மிகுந்திருந்தது. கூடையின் நிறையும் இதயத்தின் துடிப்பும் ஒரே புரதத்தின் அளவோடு பிணைந்திருத்தலை இவை ஐயந்திரிபற நிறுவின. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழும் என்று அஞ்சும் பெண்ணுக்குச் சோம்பல் என்று பெயரிடுமுன், அவளது குருதியை அளந்து பார்த்தல் அறமாகும்.

தேயிலையின் பங்கும் ஈண்டு ஆராயத்தக்கது. தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரையடுத்த சட்ஸ்வேர்த்தில் வாழ்ந்த இந்திய வமிசப் பெண்களிடம் டிஸ்லர் முதலானோர் நடத்தி 1975இல் வெளியிட்ட ஆய்வு, உணவோடு அருந்தும் தேநீர் அவ்வுணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைப் பெரிதும் தடுக்கின்றது என வெளிப்படுத்தியது. தேநீரிலுள்ள தனின் வகைப் பொருள்கள் இரும்போடு பிணைந்து கரையா நிலையை அடைதலே காரணம். மறுபுறம், இலண்டனில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு வாரம் கறுப்புத் தேநீர் அருந்திய ஆடவரிடம் சீ-எதிர்வினைப் புரதம் சற்றே குறைந்திருந்தது. எனவே தேநீரை இகழ்தலும் வேண்டா. அளவின்றிப் புகழ்தலும் வேண்டா. சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்த்துப் பருகாது, ஒரு மணி நேரமேனும் இடைவிட்டுப் பருகுதல் நன்று. உணவோடு தேசிக்காய்ச் சாறோ நெல்லியோ கொய்யாவோ சேரின் இரும்பு எளிதில் உடலிற் சேரும்.

குறையினால் விளையும் தீங்கு ஒரு தலைமுறையோடு ஒழிவதில்லை. சோகையும் ஊட்டக்குறையும் உற்ற தாயின் மகவு எடை குன்றிப் பிறக்க நேர்கின்றது. பிறப்பில் எடை குன்றியோர்க்கு முதுமையில் இதயநோய் மிகுதியாக வருதலை இங்கிலாந்து அறிஞர் டேவிட் பாக்கர் 1980களின் இறுதி தொடக்கம் பல ஆய்வுகளால் வலியுறுத்தினார். ஓராண்டு நிறைவில் எடை குறைந்திருந்த ஆண்மக்களின் குருதியில், வளர்ந்த பின் பைபிரினோஜன் மிகுந்திருந்தமையும் அவர்தம் குழுவினராற் காட்டப்பட்டது. தென்னிந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. மைசூரில் ஹோல்ட்ஸ்வேர்த் நினைவு வைத்தியசாலை 1934ஆம் ஆண்டு முதலாகப் பேணிய பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு அங்குப் பிறந்த 517 பேர் ஆராயப்பட்டனர். பிறக்கும்போது இரண்டரைக் கிலோகிராமுக்கு மேற்படாதிருந்தோரிடையே இதயநோய் 11 சதவீதம். ஏறத்தாழ மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்டிருந்தோரிடையே 3 சதவீதம். இம்முடிவு 1996இல் வெளியாயிற்று.

மலையகத்துக்கு இதன் பொருள் யாது? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவையின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட சிறாரில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டத்துறையிலோ அது ஏறத்தாழ 32 சதவீதம். குறையிற் பிறந்து குறையில் வளர்ந்த அச்சிறார், நாளை கொழும்பிலோ ஹற்றனிலோ உட்கார்ந்து செய்யும் தொழிலையும் நகரத்து உணவையும் மேற்கொள்ளுங்கால், மிகையின் நோய்களாகிய நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் அவர்களை முற்பட்டே பற்றக்கூடும். குறையும் மிகையும் ஒரே குடும்பத்தில், சிற்சில வேளை ஒரே உடலில், சந்திக்கும் நிலை இது.

இந்நிலையிலேதான் குருதிப் புரதங்களின் எண்களைப் படிக்கும் முறை முதன்மை பெறுகின்றது. ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். நுவரெலியாவை அடுத்த ஒரு தோட்டத்தில் வாழும் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, களைப்பு மேலிட்டுப் பரிசோதனைக்கு வந்தாள் எனக் கொள்க. ஈமோகுளோபின் 12.3 கிராம். கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமே எல்லை ஆதலின், சோகை இல்லை என்று அறிக்கை கூறும். ஆனால் நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. அவ்வுயரத்தில் வாழ்வோரின் உடல் இயல்பாகவே ஈமோகுளோபினை மிகுத்துக்கொள்ளும். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டல், அத்தகைய உயரத்தில் ஏறத்தாழ 1 கிராமைக் கழித்து நோக்குமாறு கூறுகின்றது. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரமுள்ள ஹற்றனில் கழிக்க வேண்டியது சற்றுக் குறைவு. கழித்து நோக்கின் இப்பெண் சோகையுற்றவளே.

இனி, இரும்பைச் சேமித்து வைக்கும் பெரிற்றின் என்னும் புரதத்தை அளந்தபோது லீற்றருக்கு 40 மைக்கிரோகிராம் காணப்பட்டது. நலமுற்றோர்க்கு 15க்குக் குறைந்தாலே இரும்புக்குறை எனப்படும். எனவே போதிய இரும்பு உளதென்று தோன்றும். அதேவேளை சீ-எதிர்வினைப் புரதம் 12 மில்லிகிராம். அழற்சி உள்ளவிடத்துப் பெரிற்றின் தானாகவே உயரும் இயல்பினது. அத்தகையோர்க்கு 70ஐ எல்லையாகக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. ஆகவே இவளிடம் இரும்பு குறைந்திருத்தல் கூடும். அச்சீ-எதிர்வினைப் புரதத்தையே இதயநோயின் அறிகுறியாகக் கொள்ளலாமோ எனின், அதுவும் பிழை. அட்டைக்கடி புண்பட்டதோ, ஈறு வீங்கியதோ, மார்புச்சளியோ, புகைபோக்கியற்ற லயத்து அடுப்பின் விறகுப்புகையோ அதனை உயர்த்தியிருக்கலாம். சில வாரம் கழித்து மீண்டும் அளந்த பின்னரே அதற்குப் பொருள் கூறல் தகும்.

இறுதியாக, குளுக்கோசு ஒட்டிய ஈமோகுளோபின் 6.6 சதவீதம். நீரிழிவு என்று முடிவு கட்டுதற்கு இவ்வெண் போதும் போலத் தோன்றும். ஆயின் இரும்புக்குறைச் சோகையில் இவ்வளவு உண்மைக்கு மேலாக உயர்ந்து காணப்படுதல் பல ஆய்வுகளில் அறியப்பட்டது. எனவே, வெறுவயிற்றிற் குருதியின் சர்க்கரையை நேரே அளந்து உறுதிசெய்தல் வேண்டும். ஆக, நான்கு எண்களைத் தனித்தனி நோக்கின், சோகை இல்லை, இரும்பு உண்டு, இதயம் அபாயத்தில் உண்டு, நீரிழிவு உண்டு என்னும் நான்கு முடிவுகள் தோன்றும். ஒருங்கே நோக்கின், நான்கும் பிழையாதல் கூடும். உண்மையான நோயாகிய இரும்புக்குறை மட்டும் கவனிப்பாரற்றுப் போதலும் கூடும்.

இதனால் இப்பரிசோதனைகள் பயனற்றவை என்பது பெறப்படாது. எதனை முதலிற் செய்தல் வேண்டும் என்னும் ஒழுங்கே இதனாற் பெறப்படுவது. குருதியமுக்கத்தை அளக்கும் பட்டிக்கு ஈடாக எந்தப் புரதமும் இல்லை. அதனோடு ஈமோகுளோபின், வெறுவயிற்றுச் சர்க்கரை, இடுப்பின் சுற்றளவு, புகையிலைப் பழக்கம் பற்றிய வினா ஆகிய இவ்வைந்தும் சிறு செலவிற் பெரும்பயன் தருவன. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையும் புகையிலையே என்பதை மறத்தலாகாது. அப்போபுரதம் ‘பி’யும் சீ-எதிர்வினைப் புரதமும் இவற்றுக்குப் பின்னர், ஐயம் எஞ்சியவிடத்துத் துணைசெய்ய வேண்டியவை.

செலவு பணத்தளவில் முடிவதுமில்லை. மலைமேற் பிரிவிலிருந்து இறங்கி, பேருந்துக்குக் காத்திருந்து, நுவரெலியாவுக்கோ டிக்கோயா கிளங்கனுக்கோ சென்று திரும்பின் ஒரு நாட்சம்பளம் போய்விடும். காலை முதல் உண்ணாதிருந்து குருதி கொடுத்துவிட்டு, அறிக்கை பெற மற்றொரு நாள் வருமாறு சொல்லப்படும் தொழிலாளி மறுமுறை வாராமை வியப்பன்று. கொழுந்து நிறுக்கும் இடத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் வாரவிடுமுறை நாளிற் கோவில் முன்றிலிலும் இவ்வெளிய அளவைகளைச் செய்தல் இயலும். கருவுற்ற தாய்க்கு இரும்பு மாத்திரையும் 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவும் சென்றடைதல், அவள் வயிற்றிலுள்ள மகவின் ஐம்பதாம் வயது இதயத்துக்கும் செய்யும் காப்பாகும்.

கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிப்போரும் கற்போரும், வைத்தியராயும் தாதியராயும் ஆய்கூடத் தொழில்நுட்பவியலாளராயும் மலையகத்துக்குச் செல்லும் பழைய மாணவரும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. அளவைக் கருவி தரும் எண் எங்கும் ஒன்றே. அவ்வெண்ணின் பொருளோ, அக்குருதி ஓடும் உடல் எந்த உயரத்தில் வாழ்கின்றது, எதனை உண்கின்றது, எப்புகையைச் சுவாசிக்கின்றது, எவ்வளவு சுமக்கின்றது என்பவற்றைப் பொறுத்தது. அறிக்கைத் தாளைக் கையிலெடுப்பவர் இந்நான்கு வினாக்களையும் வினவிய பின்னரே வாய்திறப்பாராயின், மலையகத்துப் பெண்ணின் களைப்புக்கு உரிய பெயரும் உரிய மருந்தும் காலத்தோடு கிட்டும்.